மணி அடித்த காலை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது உனக்குத் தெரியும். வீடில்லாத பதினொரு குடும்பங்களை இப்போது கொஞ்ச காலத்துக்கு அங்கே தங்கவைத்திருக்கிறோம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் கட்டில். கரும்பலகையை நிறுத்தினால் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே சுவர்.

முதல் நாள் காலை டீ தயாரானதும், பழக்க தோஷத்தில் பள்ளி மணியை அடித்துவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு வராந்தாவில் வரிசையாக நின்றார்கள்.

"கிளம்பச் சொல்லிட்டீங்களா சார்?" என்றாள் ஒரு கைக்குழந்தைக்காரி.

"ஐயோ, டீக்குத்தாம்மா மணி!"

"அதை வாயால சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று சமையல்காரம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீயும் ஒருநாள் பையோடு நம் வாசலில் நின்றாய். 'போகாதேம்மா' என்று நான் வாயால் சொல்லவில்லை.

மணியைக் கழற்றிவிட்டேன். இப்போது அறை அறையாகப் போய்க் கூப்பிடுகிறேன். அந்தக் கைக்குழந்தைக்காரி தன் பையைப் பிரிக்க நான்கு நாள் ஆயிற்று. ஏன் என்று நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளையை, ஆமாம், மாப்பிள்ளையைத்தான், அழைத்துக்கொண்டு வா. பையைப் பிரிக்க எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
அப்பா