ஓரத்துப் பெட்டிகள்

மார்ச் 3, திங்கள்
புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் எங்கள் மென்பொருளுக்கு 860 பக்கக் கையேடு. அதைத் திரையில் தேடிப் படிக்கும் உதவிப் பக்கங்களாக மாற்றி முடித்துவிட்டேன். கையேட்டுப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட ஒரு மாதம் வேண்டும். மேனேஜர் கொடுத்தது மூன்று நாள். அதனால் மாற்றிய பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்து, சரிபார்க்கும் அக்காவிடம் கொடுத்தேன். “எழுத்துப் பிழை மட்டும் பாருங்கக்கா, மத்தது நான் பாத்துட்டேன்.” பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்
‘மூலத்தோடு ஒப்பிடப்பட்டது’ படிவத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். என்னை நம்பித்தான். “இது நல்லபடியா போனா நீ பர்மனன்ட்” என்றார் மேனேஜர். அம்மா அதற்குள் சித்திக்குச் சொல்லியாயிற்று.

மார்ச் 11, செவ்வாய்
ஒரு அச்சகக்காரர் போனில் கத்தினார். உதவிப் பக்கத்தில் சொன்னபடி எழுத்துருக்களை மொத்தமாக மாற்றியிருக்கிறார். 400 பக்கப் பாடப்புத்தகம் குலைந்துவிட்டது. ‘முதலில் நகல் எடுத்து வைக்கவும்’ — கையேட்டில் இருக்கிறது, ஓரத்துப் பெட்டியில். எங்கள் பக்கத்தில் இல்லை.
தேடினேன். எச்சரிக்கைகள் எல்லாமே ஓரத்துப் பெட்டிகளில். பெட்டிகள் தனியாக மிதப்பவை. மாற்றும்போது நடு எழுத்து மட்டும்தான் வந்திருக்கிறது. 143 எச்சரிக்கை. ஒன்றுகூட வரவில்லை.

மார்ச் 12, புதன்
மேனேஜர் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். “கையெழுத்து யாரோடது? ஒப்பிட்டீங்களா, இல்ல தூங்கினீங்களா?”
“எப்படி விட்டேன்னே தெரியல சார்” என்றார் அக்கா. நான் கொடுத்த பிரின்டைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன்.

மார்ச் 13
சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி
திங்களோடு அக்கா வரவேண்டாமாம். பதினோரு வருஷம் கான்ட்ராக்டிலேயே வைத்திருந்து, ஒரு வரியில் முடித்துவிட்டான் மேனேஜர். மூன்று நாள்தான் என்று சொன்னவன் கையெழுத்து எந்தக் காகிதத்தில் இருக்கு? மேலே போகப் போக எவனும் கையெழுத்துப் போடறதில்ல. கீழே இருக்கிறவதான் போடணும்.
என் கையெழுத்து எங்கே? அதுவும்தான் எங்கேயும் இல்ல. அப்போ நான் யாரு, அவன் ஆளா?

மார்ச் 17, திங்கள்
காலையிலேயே எல்லாவற்றையும் எழுதி கம்பெனி இயக்குநருக்கு அனுப்பினேன், மூன்று நாள் கணக்கையும் சேர்த்து. மேனேஜர் என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான். “லூசாடா நீ? வாயை மூடிட்டு இருந்தா வேலை உன்னுது.” அவனைத் தாண்டி என் சீட்டுக்குத் திரும்பினேன்.

மார்ச் 24, திங்கள்
வேலை போய் வீட்டில். நானே வேலையை விட்டுவிட்டதாக அம்மா சித்தியிடம் அளந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. அக்கா, ஆபீசிலிருந்து; திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்களாம். பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறாராம், இந்த முறை புத்தகத்தை வைத்துக்கொண்டு.
“எண்பத்தெட்டாம் பெட்டிக்குப் படம் எங்கடா வெச்சிருக்க?”
சொன்னேன். அக்கா போனை வைக்கவில்லை.
“மேனேஜர் கத்தின அந்த வாரம் கண் டாக்டர்கிட்ட போனேன். பார்வை நல்லாத்தான் இருக்குன்னாரு. நம்பாம இன்னொருத்தர்கிட்டயும் போனேன். நீ எதிர் சீட்லதானடா உக்காந்திருந்த?”
“ஆமாக்கா.”
அக்கா விசைப்பலகையில் ஒரு வரி தட்டினார்.
“சரி. எண்பத்தொன்பது எங்க இருக்கு?”