வளைவில் மெதுவாகப் போகச் சொன்னவள்

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவிடமிருந்து நான் ஃபோனை வாங்கினாலே கட்டாகிவிடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. போட்டதும் என்னை உற்றுப் பார்த்து, "என்னங்க, உங்களுக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?" என்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ரயில் எடுக்கப் போனால், பாலம் தாண்டி வரும் பெரிய வளைவில் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வண்டி தாமதமானால் ஜனங்கள் டிரைவர் முகத்தைப் பார்த்தல்லவா முணுமுணுக்கிறார்கள்! எந்தப் புண்ணியவான் ஏசி ரூமில் உட்கார்ந்து போட்ட கணக்கோ, கையில் கிடைக்கட்டும் என்று வீட்டுக்கு வந்து குதித்தேன். உன் அம்மா தட்டை நங்கென்று வைத்து, "உங்க பொண்ணுதான், நல்லா திட்டுங்க" என்றாள். பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். உன் ஆபீஸில் தேய்மானம் பார்க்கத் தண்டவாள அளவுகளை மென்பொருளில் ஏற்றும்போது, அங்கே கிடக்கும் பெரிய ரகத்துக்குப் பதிலாகச் சின்ன ரகத்தை நீ தேர்ந்தெடுத்துவிட்டாயாம், புதுச் சின்னதோடு ஒப்பிட்டதில் தேய்ந்த பெரியது தேயாதது போலவே காட்டியதாம். இளைத்துப்போன அண்ணனுக்குத் தம்பி சட்டையைப் போட்டுப் பார்த்து, ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று சொன்ன கதை என்றாள் உன் அம்மா. யாரும் கவனிக்காததை நீயே கண்டுபிடித்து, நீயே மேலதிகாரியிடம் சொல்லி, மறுபடி கணக்குப் போட்டால் தேய்மானம் எல்லை தாண்டி நிற்கிறதாம். அந்த வளைவில் தினமும் அப்பா ஓட்டினாரே என்று நீ அழுததையும், வேலையை விடப் போவதாகச் சொன்னதையும் கேட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் போயிருக்கிறேனே என்று மறுநாள் அந்த வளைவில் முப்பதையும் விடக் குறைத்து இருபதில்தான் போனேன். ஆனால் உன்மேல் கோபம் வரவில்லையடி, வரவழைத்துப் பார்த்தும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், நீ போய்ச் சொன்னாய், திட்டும் வாங்கினாய். உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது, நீயோ எங்கேயோ கிடக்கிறாய். இங்கே தண்டவாளம் மாற்ற ஆட்கள் வந்தாயிற்று, அந்தக் கவலையை விடு.

ஆனால் அம்மா இன்னொன்றும் சொன்னாள். நீ அதேபோல ஏற்றிய மற்றப் பகுதிகளில் பாதிக்கு இன்னும் மறுகணக்குப் போடவில்லையாம், உன்னைத்தான் முடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம், நீயோ கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவே பயந்துகொண்டு லீவு போட்டு அறையில் கிடக்கிறாயாம். அப்படிச் செய்யாதே கண்ணு. அந்த வளைவுகளிலெல்லாம் எங்கள் டிரைவர்கள் இன்றைக்கும் முழு வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். ராஜினாமாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன். முதலில் எழுந்து முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். கைக்குட்டை எடுத்துப் போக மறக்காதே, அழுகை வந்தால் வரட்டும், துடைத்துக்கொண்டு கணக்கைப் போடு. அங்கே ஓட்டுகிறவர்களுக்கு உன்னை யாரென்றே தெரியாது, அவர்களுக்கும் நீதான் இருக்கிறாய்.

இப்படிக்கு,
உன் உத்தரவுப்படி மெதுவாகப் போகும்
அப்பா