ஃபிடிகினா

2006 மார்ச் 12, ஞாயிறு

இன்று பூசை முடிந்ததும் பாடகர் குழுவை நடத்தும் மரியதாஸ் அண்ணை என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, ஈஸ்டருக்குக் கீபோர்ட் ஒண்டே காணும், வேற வாத்தியம் வேண்டாம். வயலினை வீட்டில வைச்சிட்டு வந்து பாடுங்கோ." முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பள்ளியில் லத்தீன் படிக்கும் மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். "அம்மா, லத்தீனில ஃபிடிகினா எண்டு ஒரு சொல் இருக்கு. தந்தி வாத்தியம் வாசிக்கிற பொம்பிளை. அப்பவே உங்களை மாதிரி ஆக்கள் இருந்திருக்கினம்."

உடனே அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். "அண்ணை, நான் பாட மாட்டன். வயலின் வாசிக்கத்தான் வருவன்."

"அப்ப பூசைக்கு முந்தி வெள்ளன வாங்கோ. கீபோர்டோட சுருதி சேர்க்கோணும்" என்றார்.

அவருக்குக் கோபமா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. மேல் தந்தி தேய்ந்திருக்கிறது, நாளைக்கே மாற்றவேண்டும்.