ஏழாவது கார்சியா

அக்கா,

நேற்று ஒரு கால்நடை மருத்துவ மாணவி கோழி நோய்கள் பற்றிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். முத்திரை குத்தத் திறந்தபோது உள்ளேயிருந்து ஓர் அட்டை விழுந்தது. பூச்சி அண்டாமல் இருக்க நீங்கள் குறிப்பு அட்டைகளின் பெட்டிக்குள் போட்டு வைக்கும் கிராம்பின் வாசனை அதில் இன்னும் இருந்தது. சிவப்புப் பென்சிலில் உங்கள் சாய்ந்த கையெழுத்து: "கோழி டாக்டர். கவிதை எழுதினவர் இவர் இல்லை."

அந்தப் பெண் போன பிறகு வெகுநேரம் அந்த அட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

இதெல்லாம் தொடங்கியது நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில். அக்ரஹாரத்தில் ஒருவர் இறந்துபோய், அவருடைய பிள்ளைகள் பதினோரு பெட்டிப் புத்தகங்களை நம் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நான் பெட்டியைப் பிரித்து ஆசிரியர் பெயரைச் சொல்லச் சொல்ல நீங்கள் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். ஏழாவது முறையாக நான் "ஹோசே கார்சியா" என்றதும் நிமிர்ந்து பார்த்தீர்கள். கோழி நோய்கள், பாலம் கட்டுதல், சதுரங்கம், ஜெபங்கள், பல் பராமரிப்பு, தேனீ வளர்ப்பு, கடைசியாக முப்பது பக்கம்கூடத் தேறாத ஒரு கவிதைப் புத்தகம். எல்லாம் ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. இறந்தவர் அந்தப் பெயருக்காகவே தேடித் தேடி வாங்கினாரோ என்னவோ.

நம் நூலகர் எட்டிப் பார்த்தார். "ஒந்தே ஹெசரு, ஒந்தே என்ட்ரி சாக்கு" என்று கன்னடத்தில் சொன்னார். ஒரே பெயருக்கு ஒரே பதிவு போதுமாம். அவர் தலை மறைந்ததும் நீங்கள் சொன்னீர்கள்: "இந்த ஆபீஸ்ல மூணு மஞ்சுநாத் இருக்காங்க. மூணு பொண்டாட்டியும் ஒருத்தருக்கேன்னு பதிவு பண்ணிடலாமா, கேளு அவரை."

மறுநாளே அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டீர்கள். கோழி கார்சியா, பாலம் கார்சியா, தேனீ கார்சியா. முன்னுரைகளைப் படித்தீர்கள், பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதினீர்கள், கிடைத்தவருக்கெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டைச் சேர்த்தீர்கள். மண்டி மொஹல்லா கடைத்தெருவில் டீ குடிக்க நிற்கும்போதுகூட அதே பேச்சுதான். ஆறு பேர் வேறு வேறு ஆட்கள் என்று உறுதியானது. கவிதைக்காரர் மட்டும் பிடிபடவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவரா, ஏழாவது ஆளா என்று உங்களுக்கே தெரியவில்லை.

பிறகு உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள்.

நீங்கள் மருத்துவமனையில் சேர்ந்த வாரத்தில் நூலகம் புதிய மென்பொருளுக்கு மாறியது. சனிக்கிழமை மாலைக்குள் எல்லாப் பதிவுகளையும் மாற்றியாக வேண்டும். நான் தனியாக இருந்தேன். ஒரே பெயரில் ஏழு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஒன்றாக்கவா என்று திரை கேட்டது. அதற்கு முன் அப்படி எத்தனையோ கேள்விகளுக்கு ஆம் என்று அழுத்தியிருந்தேன். இதற்கும் அழுத்தினேன். ஏழு பேரும் ஒருவரானார்கள். பதிவுகளில் நீங்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் போயின. மென்பொருள்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது திரும்ப வராது மேடம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வந்தேன். உதடு வெடித்திருந்தது. பேச்சு மட்டும் அதே பேச்சு.

"கார்சியாங்க எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம் அக்கா."

"தனித்தனியா இருக்காங்கல்ல?"

"தனித்தனியாத்தான்."

"கவிதைக்காரர் யாருன்னு கண்டுபிடிச்சு, இங்க வர்றதுக்கு முந்தின நாள் குறிப்புல போட்டேனே. படிச்சியா?"

படித்தேன் என்றேன்.

"நம்பவே முடியலல்ல? எனக்கு அழுகையே வந்துடுச்சும்மா."

"எனக்கும் வந்தது."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். "அப்ப சரி. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா போதும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் படிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, வீடு திரும்பியதும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இருந்தது எட்டு நாள்.

ஆறு பேரையும் மறுபடி பிரித்துவிட்டேன். நீங்கள் படித்த அதே முன்னுரைகளை நானும் படித்தேன். நீங்கள் எழுதிய பதிப்பகங்களுக்கு நானும் எழுதினேன். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. கவிதைப் புத்தகத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. கடைசிக் கவிதையில் ஒருவர், இறந்துபோன மகளின் செருப்பைத் துடைத்து வாசலில் வைக்கிறார். பாலம் கட்டியவர் எழுதியது என்று நினைத்துப் படித்தேன், அழுகை வந்தது. பல் டாக்டர் என்று நினைத்துப் படித்தேன், அப்போதும் வந்தது. யார் எழுதியதாக வைத்துக்கொண்டாலும் வருகிறது. அதனால் என் அழுகை எனக்கு எதையும் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாளன்று உங்கள் தேவாலயத்துக்குப் போனேன், பின்வரிசையில் நின்றேன். திருப்பலியில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். உங்கள் பெயர் நான்கு முறை வந்தது. நான்கில் எது நீங்கள் என்று தெரியாமல் நான்குக்கும் தலை குனிந்தேன்.

நேற்று அந்த அட்டை கிடைத்ததும் மற்ற ஐவரின் புத்தகங்களையும் எடுத்து வந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வேறு அட்டை எதுவும் இல்லை. கோழி டாக்டர் இல்லை என்பது மட்டும் இப்போது தெரியும்.

இன்று காலை கவிதைப் புத்தகத்தின் பதிவைத் திறந்தேன். பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு இல்லை. குறிப்பில் இப்படி எழுதினேன்: "இவர் யார் என்பதை இந்த நூலகத்தில் வேலை செய்த ஒருவர் கண்டுபிடித்திருந்தார். அவர் எழுதிய குறிப்பை அழித்தது நான்." கீழே என் பெயரைப் போட்டேன்.

நூலகர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

இரண்டு பேருக்குத் தெரியும் என்று நம்பித்தான் போனீர்கள், அக்கா. ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.