உதட்டுக்குப் பொருந்தாத வசனம்

என் அன்பிற்குரியவளே,

பேசக் கூடாதென்று மருத்துவர் தடுத்திருப்பதால், நேற்று சென்னையிலிருந்து வீடியோ அழைப்பில் நீ உதடுகளை மட்டும் அசைத்தாய். "வேண்டாம், என்னை விட்டுருங்க" என்றாய். எனக்கு ஐயமின்றிப் புரிந்தது.

இங்கே என் அருகில் உன் அம்மா இருந்தார். ஸ்பானிஷ் தொடர்களின் நாயகிகளுக்கு நீ தமிழில் குரல் கொடுக்கத் தொடங்கிய காலம் முதல், "அழுகிறது எம்மவதான், அந்த வெள்ளைக்காரி சும்மா வாயை அசைக்கா" என்று பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து லயம் முழுவதும் வாதாடி வருபவர்.

"என்ன சொல்லுதா மாப்ள?" என்று கேட்டார்.

"ஆபரேஷனுக்குச் சம்மதமாம் அத்தை" என்றேன்.

நீதிமன்றத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாத வழக்கறிஞன் நான். அவர் உடனே மாரியம்மனுக்கு விளக்கேற்றப் போய்விட்டார்.

புற்று பிடித்த குரல்வளையை அகற்றினால் நீ பிழைப்பாய். அகற்றாவிட்டால் பிழைக்க மாட்டாய். வேறு வழி உண்டா என்று மருத்துவரைப் பலவாறு குறுக்கு விசாரணை செய்துவிட்டேன். இல்லை. 'குரல் போனபின் நான் யார்?' என்று எழுதிக் கேட்டிருந்தாய். நீ இல்லாமல் நான் யார் என்று திருப்பிக் கேட்கிறேன்.

உதட்டுக்குப் பொருந்தாத வசனத்தைத்தான் மாற்ற வேண்டும், படமாகிவிட்ட உதட்டை மாற்ற முடியாது என்பாய். உன் உதடு இன்னும் படமாகிவிடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆபரேஷன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடு. இந்த ஒருமுறை, நான் கொடுத்த வசனத்துக்கு நீ உதட்டைப் பொருத்திவிடு.

இனி உனக்குக் குரல் கொடுக்கக் காத்திருக்கும்,
உன் கணவன்