பதினான்காம் நிமிடத்தில் ஒரு நிறுத்தம்

மே 6, செவ்வாய்

அம்மாவின் டிவிடியை இன்று கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். உறையில் மார்க்கர் பேனாவில் ‘கோமளவல்லி, மார்கழி 2007’ என்று எழுதியிருக்கிறது. பெருமாள் கோவில் மண்டபத்தில் அம்மா தனியாகப் பாசுரம் பாடியது, இருபத்திரண்டு நிமிடம். அம்மா பாடிய பதிவு இது ஒன்றுதான். தைராய்டு அறுவை முடிந்து எட்டு மாதமாகிறது. பேச்சு கரகரப்பாக வருகிறது, பாட்டு வரவில்லை. திரும்ப வருமா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை.

டிஸ்க்கின் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல் வெள்ளிப்பூச்சு உதிர்ந்திருக்கிறது. இந்த ஊர் உப்புக்காற்று இரும்பையே தின்னும். இதை விட்டுவைக்குமா?

ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்து, சின்ன கோப்பாக மாற்றி ஓட்டினேன். ஆறாவது நிமிடத்தில் அம்மாவின் முகம் பச்சைக் கட்டங்களாக உடைந்தது.

மே 7, புதன்

மறுபடி எடுத்தேன். ஆறாவது நிமிடம் சரியாக இருக்கிறது. ஒன்பதில் குரல் கிறீச்சிட்டது.

மே 9, வெள்ளி

ஆபீஸ் விட்டு வந்ததும் டூத்பேஸ்ட் போட்டு டிஸ்க்கைத் தேய்த்தேன். எங்கோ பார்த்த வைத்தியம். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, அதுக்குப் பல் தேச்சு விடறயா?”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “எதுக்கு இத்தனை பாடு? பாடினது பாடியாச்சு” என்று உள்ளே போய்விட்டாள். கோவிலில் சேர்ந்து பாசுரம் பாடும் கோஷ்டிக்குப் போவதை நிறுத்தியவள், வீட்டில் முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டாள். நான் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தெரியவில்லை.

தேய்த்த பிறகு பதினெட்டாம் நிமிடத்தில் கட்டங்கள்.

மே 10, சனி

வேறு டிவிடி டிரைவ் கேட்டு ஜீவமணி அண்ணாச்சி கடைக்குப் போனேன். என் கம்ப்யூட்டருக்குப் பாகம் பாகமாக எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

“டிஸ்க் போயிடுச்சு அண்ணாச்சி.”

“எத்தன தடவ எடுத்த?”

“மூணு.”

“தப்பு ஒரே எடத்துலயா வருது?”

“இல்ல, ஒவ்வொரு தடவையும் வேற எடம்.”

“பின்ன டிஸ்க்க எதுக்கு வையுத? கீறல் என்ன, எந்திரிச்சு நடந்தா போவும்? ஒரே எடம்னா டிஸ்க்கு. எடம் மாறுனா மெஷினு.” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “ஏளா, எதையும் முடுக்கி வச்சிருக்கியா?”

போன வருடம் நானேதான், போட்ட வேகத்துக்கு மேல் ஓடும்படி ஓவர்கிளாக் செய்தேன். பிராசஸர், மெமரி இரண்டையும். யாரிடமும் சொல்லாத ஒரு சின்னப் பெருமை.

“கத்திரி வெயிலு வேற. அது பாவம், என்ன செய்யும்? எறக்கிப் போடு.”

மே 11, ஞாயிறு

எல்லாவற்றையும் வாங்கி வந்தபோது இருந்த வேகத்துக்கே இறக்கினேன். இரண்டு தடவை எடுத்து, கோப்புகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். அச்சாக ஒன்றே. மாற்றி முடிக்க முன்பு இருபத்தொன்பது நிமிடம் ஆனது, இப்போது நாற்பத்தொன்று. ஆகட்டும்.

கம்ப்யூட்டர் நின்றிருந்தால், சூடாகி அணைந்திருந்தால், முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பேன். அது ஒருநாளும் முறையிடவில்லை. வேகமாக ஓடிக்கொண்டே அங்கங்கே ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தது. நானோ டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் — பதினான்காம் நிமிடத்தில் அம்மா வாயைப் பாதி திறந்தபடி உறைந்து நிற்கிறாள். குரலும் இல்லை. மூன்று விநாடி. இரண்டு பிரதியிலும் அதே இடம்.

ஒரே இடமென்றால் டிஸ்க்.

மே 14, புதன்

அண்ணாச்சி கொடுத்த டிரைவிலும் அதே மூன்று விநாடி. அந்த இடத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது போல. பாசுரத்தில் எந்த அடி போனதோ. அம்மாவைக் கேட்க மனம் வரவில்லை.

மே 16, வெள்ளி

ஒரு பிரதியில் அந்த இடத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியதே தெரியவில்லை. தெரியாததுதான் உறுத்துகிறது.

மே 18, ஞாயிறு

மதியம் வெட்டாத பிரதியைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றது தெரியாது. பார்த்ததும் மூடப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினான்காம் நிமிடம் வந்தது.

“இங்க மட்டும் டிஸ்க் போயிடுத்தும்மா. வெட்டிடறேன்.”

“போகலைடி. அடி மறந்து நின்னுட்டேன்.”

“படமே உறைஞ்சு நிக்கறதே?”

“நான்தான் உறைஞ்சு நின்னேன். விளக்கைப் பாரு.”

பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் குத்துவிளக்கின் சுடர் அசைகிறது. ஒலியைக் கூட்டினால் மண்டபத்து மின்விசிறி சுற்றுவது கேட்கிறது. முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். முகத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

“கோஷ்டியா இருந்தா பக்கத்துல இருக்கறவா எடுத்துக் குடுத்திருப்பா. தனியா நின்னேனோல்லியோ? அந்த மூணு செகண்ட் மூணு யுகம்.”

“வெட்டட்டுமா?”

“நடந்ததை எதுக்கு வெட்டறே?” என்றாள். கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள்.

மே 19, திங்கள்

வெட்டிய பிரதியை அழித்தேன். மற்றதை இரண்டு பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது. வேகத்தை மறுபடி ஏற்றவில்லை. ஏற்றத் தோன்றவும் இல்லை.

“அதைப் போடேன்” என்று இன்று அம்மாவே கேட்டாள். முறத்தில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள். பதினான்காம் நிமிடத்தில் படத்திலிருந்தவள் நின்றாள். சுடர் அசைந்தது. அம்மா கீரையிலிருந்து தலை நிமிராமல், பக்கத்தில் நிற்பவளுக்குச் சொல்வதுபோல, அந்தக் கரகரத்த குரலில், ராகத்தோடேயே, அடியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தாள்.

படத்திலிருந்தவள் அதை வாங்கிக்கொண்டு மேலே பாடினாள்.