கருப்பட்டிப் பெட்டியில் வைத்த நட்சத்திரம்

அம்மா இன்று மச்சிலிருந்து அந்தத் தேக்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள். மூடியைத் திறந்ததும் கருப்பட்டி வாசம் முகத்தில் அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

போர்டிங்கில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய். பள்ளியை நடத்திவந்து, சீமைக்குத் திரும்பவிருந்த துரைசானிக்கு, பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டம் தைத்து, எல்லாவற்றையும் இணைத்து ஓர் ஒட்டுப்போர்வை கொடுப்பதாக ஏற்பாடு. மாதிரிக்கு அவருடைய மிகப் பழைய போர்வை ஒன்றை விரித்துக் காட்டினார்கள். நாங்கள் எளிதான சதுரங்களை எடுத்துக்கொண்டோம். நீ மட்டும் நடுவிலிருந்த எட்டு முனை நட்சத்திரத்தைத் தொட்டாய். எல்லாம் விரல்நுனி அளவுச் சாய்சதுரத் துண்டுகள். ஒவ்வொன்றின் உள்ளும் காகிதம் வைத்து மடித்து ஓரம் தைக்க வேண்டும். காகிதம் என் பழைய கட்டுரை நோட்டிலிருந்து வந்தது.

"ஏட்டி, ஒனக்க படிப்பெல்லாம் எனக்க துணிக்குள்ள கெடக்கு. பரீட்சைக்கு என்ன செய்வ?" என்று சிரித்தாய்.

உனக்கு அது விளையாட்டல்ல. நடுக்கட்டம் தைக்கிறவளைத் தையல் அறையிலேயே வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் ஆவணியில் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை நீ பார்த்ததுகூட இல்லை.

நல்ல துணியைப் பழைய மரப்பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று நான் ஏதோ புத்தகத்தில் படித்திருந்தேன். உன் கடற்கரை ஊரிலிருந்து நீ கொண்டுவந்த தகரப்பெட்டி துருப்பிடிக்கும் என்று பயமுறுத்தினேன். தோவாளையில் எங்கள் வீட்டு மச்சில், பித்தளைப் பட்டை அடித்த இந்தப் பெட்டி கிடந்தது. வருஷக்கணக்காகக் கருப்பட்டி வைத்திருந்த பெட்டி. கழுவி, வெயிலில் காயவைத்து, லீவு முடிந்து வரும்போது வண்டியில் ஏற்றி வந்தேன்.

"கொள்ளாம்! மகாராணிக்க பெட்டிபோல இருக்கு" என்று மூடியைத் தடவினாய். தைத்து முடித்த நட்சத்திரத்தை அதில் வைத்தாய்.

பிறகு சாரல் பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. மரம் குடித்து வைத்திருந்த கருப்பட்டியெல்லாம் ஈரத்தில் கசிந்தது. டீச்சர் வந்து திறந்தபோது வெள்ளைத் துண்டுகள் பழுப்பாகப் பிசுபிசுத்து ஒட்டிக் கிடந்தன. நட்சத்திரம் முழுக்க எறும்பு.

"கடப்புறத்துக்காரிக்கு சுத்தம் எங்கேருந்து வரும்? யாருக்க பெட்டி இது?"

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள் நான். அன்று கை எழவில்லை. பெட்டி வந்திறங்கியதைப் பார்த்த பிள்ளைகளும் வாய் திறக்கவில்லை. நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய்.

"எனக்கதாக்கும்" என்றாய்.

நடுவில் என் சதுரம் போனது. தையல் நேராக இருக்கிறதாம். தையல் அறை வேலை எனக்கு எதற்கு? வேண்டாம் என்றேன். அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கிணற்றடியில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று உன்னிடமே கேட்டேன். அதைக் கேட்கவும் எனக்கு முகம் இருந்தது.

"நீ சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல்ல. போட்டும் மக்கா, நீ படிக்கணும்லா."

அந்தப் பெருந்தன்மைக்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஏசியிருக்கலாம் நீ. ஊருக்குப் போகிற அன்று பெட்டியைக் கழுவித் துடைத்து என் பாயருகே வைத்துவிட்டுப் போனாய்.

ஆவணியில் கல்யாணம். அடுத்த ஆடிக்குள் பிரசவத்தில் போய்விட்டாய். உன் ஊர்ப் பக்கத்து மீன்காரி எங்கள் வாசலில் கூடையை இறக்கிக்கொண்டே சொன்னாள். "ஐயோ பாவம்" என்றுவிட்டு, அம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

இன்று காலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, "எனக்க பெட்டி" என்று உரக்கச் சொன்னேன்.

"ஒனக்கதுதான், யாரு இல்லேன்னா?" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. "நல்லா தொடச்சு வை. நாளைக்குக் கருப்பட்டி வருது."

துடைத்தேன். வெந்நீர் விட்டும் துடைத்தேன். இந்தக் காகிதத்தில் ஆங்காங்கே பழுப்பாகத் தெரிவது மையல்ல, என் விரல்தடம்.